ஆலையினின்று கல்லூரிக்கு: மேரி கில்ஸன் அம்மையார் வரலாறு

இக்காலத்து நம் சங்கத்துக் குடும்பங்களில் மைந்தரும் மகளிருமாகப் பலர் வணிக மேலாண்மைக் கல்லூரிகளிற் புகுந்து, ‘மனிதவளம்’ என்று பெயர் வழங்கும் துறையைப் பயின்று, பட்டம் பெற்றுக் கம்பெனிகளில் அலுவலராய் அமர்ந்து வருகின்றனர். மகன் யாது வேலை பார்க்கின்றான் என வினவின், ‘எச். ஆர்.’ என்று இரண்டெழுத்திற் பெற்றோர் விடை கூறிவிடுகின்றனர். அவ்விரண்டெழுத்தின்கண் அடங்கிய தொழில் எப்பொழுது தோன்றிற்று, அதனை முதற்கண் மேற்கொண்டார் யாவர், அவர் அதனாற் பெற்ற அறிவைப் பிறர்க்கு எங்ஙனம் வழங்கினர் என்பனவற்றை ஆராய்வார் மிகச் சிலரே. ஆதலின், அத்தொழிலை அதன் குழவிப் பருவத்தே ஏற்று நடாத்தி, பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்து, தாம் செய்த தொழிலைத் தாமே துலைக்கோலில் இட்டு நிறுத்துப் பார்த்த அமெரிக்க நாட்டு அம்மையார் ஒருவரின் வரலாற்றை இத்திங்கள் எழுதப் புகுந்தோம். அவர் பெயர் மேரி பார்னெட் கில்ஸன் என்பது.

‘மனிதவளம்’ என்னுஞ் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. வளம் என்பது மண்ணிற் கிடக்கும் பொன்னையும் மலையில் நிற்கும் மரத்தையும் குறித்தற்கு ஏற்ற சொல். உண்டும் உடுத்தும், மகிழ்ந்தும் சினந்தும் வாழும் மனிதனை அவ்வரிசையில் வைத்தெண்ணுதல் தமிழ் கற்பிக்கும் எமக்கு அத்துணை இனிதாய்ப் படவில்லை. கில்ஸன் அம்மையார் காலத்தில் இப்பெயர் வழங்கவில்லை. முதலில் ‘எம்ப்ளாய்மெண்டு மானேஜர்’ என்றும், பின்னர் ‘பெர்ஸனல் மானேஜர்’ என்றுமே இவ்வலுவலர் அழைக்கப்பட்டனர். இற்றைநாட் பெயர் எங்கும் பரவியது 1980-ஐ அடுத்த ஆண்டுகளிலேயே யாகும். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே ஆதலின், அதன் தோற்றத்தை நோக்குவாம்.

ஆளின் தகுதி தெரிந்து வினையின்கண் விடுத்தல் அரசர்க்குரிய தலையாய கடமை என்று நம் நீதிநூல்கள் பண்டே வகுத்துரைத்தன. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டில் எழுந்த பேராலைகளின் முதலாளிகள் நீராவிப் பொறியைத் தெரிதற்குச் செலவிட்ட நேரத்தில் நூற்றிலொரு பங்கும் ஆளைத் தெரிதற்குச் செலவிட்டாரல்லர். அவ்வேலை முழுதும் ‘போர்மன்’ எனப்படும் மேஸ்திரியின் கையில் விடப்பட்டிருந்தது. விடியற்காலத்தே ஆலை வாயிலிற் கூட்டங் கூடி நிற்கும். மேஸ்திரி வெளிப்போந்து, உடல் வலியாரையும் தமக்கு வேண்டியவரையும் சுட்டியழைத்து உள்ளே விடுவார். கூலியை உயர்த்துவாரும் தாழ்த்துவாரும் அவரே. ஒரு சொல்லில் வேலையினின்று நீக்குவாரும் அவரே. அவர்க்குக் கையுறை தந்து வேலை பெற்றவரும் உளர். இத்தகைய ஆலைகளில் ஆள் நிலைத்து நில்லாமை வியப்பன்று. ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலையில் 1913-ஆம் ஆண்டில் ஆள் மாற்றம் நூற்றுக்கு 370 என்று கணக்கிடப்பட்டது. அஃதாவது, நூறு இடங்களை ஓராண்டு முழுதும் நிரப்பி வைத்தற்கு முந்நூற்றெழுபது பேரைப் புதிதாய்ச் சேர்க்க வேண்டியிருந்தது என்க. ஒவ்வொரு புதிய ஆளும் வேலை பழகுங்காறும் நேரும் பொருட்கேடு எத்துணை என்பதை முதலாளிகள் எண்ணத் தொடங்கிய பின்னரே, ஆள் சேர்த்தற்கென ஒரு தனியலுவலகம் வேண்டும் என்னும் கருத்து வேரூன்றிற்று. ஒஹாயோ நாட்டு டேட்டன் நகரில் பணப்பெட்டிப் பொறி செய்யும் நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியார், 1901-இல் தம் ஆலையில் நேர்ந்த பெரும்பூசலின் பின்னர்த் தொழிலாளர்க்கென ஒரு தனிப்பகுதியை ஏற்படுத்தினர். அஃதே இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று எனக் கூறுவர்.

இனிக் கில்ஸன் அம்மையார் வரலாற்றுக்கு வருவாம். இவர் 1877-இல் பிறந்து, மகளிர்க்கென்றே அமைந்த வெல்லெஸ்லிக் கல்லூரியில் 1899-இற் பட்டம் பெற்றனர். அந்நாளிற் கற்ற பெண்டிர்க்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சிலவே. பள்ளியாசிரியை ஆகலாம், நூலகத்தில் அமரலாம், ஏழையர்க்கு உதவும் நிலையங்களில் ஊழியஞ் செய்யலாம். இவரும் அவ்வாயில்களுட் சிலவற்றிற் புகுந்து, பின்னர்ப் பாஸ்டன் நகரத்தே பெண்களுக்குரிய தொழிற்பள்ளி யொன்றில், கற்று வெளியேறும் சிறுமியர்க்கு ஏற்ற வேலை இன்னதென வழிகாட்டும் பணியை மேற்கொண்டனர். பாஸ்டன் அப்பணிக்குத் தாயகம் போன்றது. பிராங்கு பார்ஸன்ஸ் என்னும் அறிஞர் 1908-இல் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை அந்நகரிலே தோற்றுவித்தனர். ஒருவன் தன் இயல்பை அறிந்து, தொழிலின் இயல்பையும் அறிந்து, இரண்டையும் பொருத்திப் பார்த்த பின்னரே வாழ்க்கைத் தொழிலைத் தேர்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் அவ்வாண்டிலேயே மறைந்தாராயினும் கொள்கை மறையவில்லை.

சிறுமியரை வேலைக்கு அனுப்பிவைத்த கில்ஸன், அவ்வேலையகத்தின் உள்ளே யாது நடக்கின்றது என்பதைக் காண விழைந்தமை இயல்பே. 1913-ஆம் ஆண்டில் அதற்கு வாய்ப்பு நேர்ந்தது. ஈரி ஏரிக்கரையில் அமைந்த கிளீவ்லாந்து நகரத்து ஜோஸப் அண்டு பைஸ் கம்பெனியார் அவரைத் தம் ஆலைக்கு அழைத்தனர்.

இக்கம்பெனி 1841-இற் பென்ஸில்வேனியாவில் ஒரு சிறு பலசரக்குக் கடையாகத் தொடங்கி, 1845-இற் கிளீவ்லாந்து சேர்ந்து, ஆடவர் உடை தைக்கும் பேராலையாக வளர்ந்தது. ‘கிளாத்கிராப்டு’ என்னும் பெயரில் இது விற்ற நீலக் கம்பளிச் சட்டைத்தொகுதி அமெரிக்கா எங்கும் பரவியிருந்தது. ஆலையை நடாத்திய ரிச்சர்டு பைஸ் என்பார் ஹார்வர்டிற் பயின்ற இளைஞர். பிரடெரிக் டெய்லர் என்னும் பொறியியலார் வகுத்த ‘அறிவியல் மேலாண்மை’ முறையில் ஈடுபட்டு, 1909-ஆம் ஆண்டு முதல் அதனைத் தம் ஆலையிற் புகுத்தி வந்தனர். டெய்லர் முறையாவது, ஒவ்வொரு வேலையையும் சிறுசிறு அசைவுகளாகப் பிரித்து, கடிகாரங் கொண்டு அளந்து, வீண் அசைவைக் களைந்து, எஞ்சியதை விதியாக்கிக் கற்பித்து, விதித்த அளவை எய்தியவர்க்கு மிகுகூலி தருவதாம். இரும்புருக்கும் ஆலையிற் பிறந்த இம்முறையைத் தையல் ஊசியிடத்துப் பொருத்திக் காட்டியவருள் பைஸ் தலைசிறந்தவர். சட்டைக் கையைத் தைப்பவர் அமரும் நாற்காலியின் உயரமும், அவர்மேல் விழும் விளக்கின் ஒளியும், துணி ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் நகரும் வழியும் அவ்வாலையில் அளந்தே அமைக்கப்பட்டன.

அளவைகள் எல்லாம் செம்மையாய் அமைந்த பின்னரும் பைஸ் ஒன்றைக் கண்டனர். ஒரே நாற்காலியில், ஒரே விளக்கின்கீழ், ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருத்தி விதித்த அளவை எய்துகின்றாள், மற்றொருத்தி எய்தவில்லை. இதன் காரணம் ஆலைக்கு வெளியே இருத்தல் கூடும் அன்றோ? இரவெல்லாம் நோயுற்ற குழவியைக் காத்தவள் காலையில் எங்ஙனம் விரைந்து தைப்பாள்? இவ்வினாவை ஆராயும் பொறுப்பையே கில்ஸன் அம்மையாரிடம் ஒப்புவித்து, வேலைவாய்ப்பு ஊழியநலப் பகுதிக்கு அவரைத் தலைவராக்கினர்.

அம்மையார் அப்பகுதியை நடாத்திய திறத்தைச் சற்று விரித்தே கூறுவாம். வேலை நாடி வருவோர் ஒவ்வொருவரையும் தனியே அமர்த்தி உசாவினர். விரலின் விரைவையும் கண்ணின் கூர்மையையும் சோதித்தனர். இன்ன வேலைக்கு இன்னார் தக்கார் எனத் தெரிந்து அமர்த்தினர். அமர்த்திய பின்னும் விட்டாரில்லை. புதியவள் பழகுகின்றாளா, கூலி ஏறுகின்றதா, மேஸ்திரியோடு மனங்கோணல் உண்டா என்பவற்றை ஏடெழுதிக் கண்காணித்து, ஓரிடத்தில் ஒவ்வாதவளை நீக்குதற்கு முன் வேறிடத்திற் பொருத்திப் பார்த்தனர். மேஸ்திரியின் வாய்ச்சொல் ஒன்றாலே ஆள் நீங்கும் வழக்கத்துக்கு அவ்வாலையில் ஓர் அணை கட்டப்பட்டது. தொழிலாளருட் பெரும்பாலார் பெண்டிர். இத்தாலியர், போலந்தியர், செக்கர், ஹங்கேரியர் எனப் பல நாட்டினின்றும் குடியேறிய குடும்பத்தினர். அவர்கட்கு ஆங்கிலங் கற்பிக்க வகுப்புகள் நடந்தன. சிறுசேமிப்புக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. நண்பகல் உணவின் பின்னர் இசையும் ஆடலும் நிகழ்ந்தன. திறமுடைய பெண்களை மேற்பார்வையாளராக உயர்த்துதலில் அம்மையார் பெரிதும் முனைந்து நின்றனர். ஆடவரே மேலோர் ஆதற்குரியர் என எண்ணிய அந்நாளில் அஃது எளிய செயலன்று. ஆலையில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்னும் ஏற்பாடு 1917-இல் வந்தது. உலகின் பெரும்பகுதி ஆறு நாளும் உழைத்த காலம் அது என்பதை நினைவிற் கொள்க. ஒரே வகை நீலத்துணியை ஆண்டு முழுதும் தைத்தமையால், தையற்றொழிலுக்கு இயல்பாகிய பருவ வேலையின்மையும் அங்கே குறைந்தது. யாம் நோக்குங்கால், ஆடலினும் பாடலினும் இவ்வொன்றே தொழிலாளர்க்குப் பெருநன்மை பயந்தது.

இனி அப்பணியின் மற்றொரு பக்கத்தையும் மறையாது கூறல் வேண்டும். வேலைக்கு வாராதவளின் வீட்டுக்கு அம்மையாரின் பகுதியினர் செல்வர். நோயாயின் மருத்துவரை அனுப்புவர், வறுமையாயின் உதவுவர். ஆயின் அவர்தம் கண் அடுக்களையின் தூய்மையையும், கணவனின் குடியையும், மகளின் உடையையும் நோக்காது திரும்பாது. வீட்டு நிலைக்கும் தொழிற்றிறனுக்கும் உள்ள தொடர்பைப்பற்றி அம்மையார் 1916-இல் அறிஞர் வெளியீடொன்றில் ஒரு கட்டுரையே வரைந்தனர். போர்டு கம்பெனியாரும் 1914-இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்தபொழுது, அதனைப் பெறுதற்குத் தக்க ஒழுக்கமுடையார் யாவர் எனத் துணிதற்கு வீடுதோறும் ஆள் விடுத்தனர். உதவ வந்தவரும் கூலி தருவார் அனுப்பியவரே யாயின், அவர் முன்னிலையில் உண்மை பேசும் ஏழை எத்துணைப் பேர்? வாடகை நிலுவையை நோயென்றும், குடியைத் தலைநோவென்றும் கூறி அனுப்பிவிடுதல் மக்கள் இயல்பு. இஃது இவ்வலுவலர்க்கு என்றுமுள்ள இடர். முதலாளி இவரைத் தொழிலாளர்க்குப் பரிந்து பேசுபவர் என ஐயுறுவார். தொழிலாளர் இவரை முதலாளியின் ஆள் என ஒதுக்குவர். இருதலைக்கொள்ளி எறும்பாதலே இவர்க்கு விதித்த வாழ்வு போலும்.

இவ்விடர் வெளிப்பட்ட இடம் தொழிற்சங்கம். சிகாகோ நகரில் ஹார்ட், ஷாப்னர், மார்க்ஸ் என்னும் மற்றொரு பெரிய உடை ஆலையில் 1910-இல் எழுந்த வேலைநிறுத்தம் நகரத்துத் தையற்றொழிலாளர் பல்லாயிரவரைத் தெருவுக்கு ஈர்த்தது. 1911-இல் அக்கம்பெனியார் உடன்படிக்கை செய்து, பிணக்குத் தீர்க்கும் நடுவர் குழுவொன்றை ஏற்றனர். தொழிலாளர் விவகாரத்தைக் கவனிக்க அவர்கள் அமர்த்தியவர் ஏர்ல் டீன் ஹோவர்டு என்னும் பொருளியற் பேராசிரியர். ஆசிரியர் ஆலைக்குப் போந்த கதை அது; நம் அம்மையார் கதையோ ஆலையினின்று ஆசிரியப் பீடத்துக்குப் போந்த கதை. அச்சிகாகோ இளைஞருள் ஒருவராகிய ஸிட்னி ஹில்மன் 1914-இல் தோன்றிய உடைத்தொழிலாளர் பெருஞ்சங்கத்துக்குத் தலைவராயினர். அச்சங்கம் கிளீவ்லாந்திலும் கால்வைக்க முயன்றது. பைஸ் அதனைத் தம் ஆலையுள் நுழையவிடவில்லை. யாமே எல்லாம் செய்யும்பொழுது சங்கம் எதற்கு என்பது அவர் கருத்து. அம்மையாரும் அக்காலத்தில் அக்கருத்தினரே.

உலகப் பெரும்போரின்போது ஆள் தட்டுப்பாடு மிகுந்தமையின் இத்தொழில் அமெரிக்கா எங்கும் ஓங்கிற்று. 1918-இல் அரசாங்கத்தின் ஆதரவில் ரோச்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்பு அலுவலர்க்கு ஆறு வாரப் பயிற்சி தொடங்கப்பெற்றது. போர் முடிந்து, 1920-ஐ அடுத்து வணிகம் தாழ்ந்தவுடன், கம்பெனிகள் பல தம் செலவைச் சுருக்குங்கால் முதலில் மூடியது இவ்வலுவலகத்தையே. ஆள் அருகியபொழுது பொன்னாய்த் தோன்றியது, ஆள் மலிந்தபொழுது சருகாயிற்று. பைஸ் ஆலைக்கும் இறங்குமுகம் வந்தது. மக்கள் ஒரே நீலச் சட்டையை விரும்பாது புதுப்புது மோஸ்தர்களை நாடினர். உரிமையாளர் குடும்பத்துள்ளே பைஸுக்கு எதிர்ப்பு வலுத்து, 1925-இல் அவர் ஆலையைவிட்டு நீங்கினர். அவரோடு அம்மையாரின் ஆலை வாழ்வும் முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுக் காலம் கட்டி எழுப்பியதை, உரிமையாளர் மாறியவுடன் கேட்டுக் கேள்வியின்றிக் கலைத்தல் கூடும் என்பதை அவர் கண்ணாரக் கண்டனர். நல்ல முதலாளியின் நன்மனத்தை மட்டும் நம்பி நிற்கும் நலம் அவர் பதவியுள்ளளவே நிற்கும். தொழிலாளர்க்கு அதன்மேல் உரிமை யாதுமில்லை. அம்மையாரின் பிற்காலக் கருத்து மாற்றத்துக்கு வித்து இங்கே விழுந்தது என யாம் துணிகின்றோம்.

பின்னர் அவர் தொழில் உறவு ஆராயும் கழகம் ஒன்றன் பொருட்டு இங்கிலாந்து சென்று, அந்நாட்டு வேலையின்மைக் காப்புறுதியை ஆராய்ந்தனர். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சில தொழில்களில் உள்ள சுமார் இருபத்திரண்டு லட்சம் பேர்க்கு மட்டும் உரியதாயிருந்த அக்காப்பு, 1920-இல் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்க்கு விரிந்தது. தொழிலாளியும் முதலாளியும் அரசும் மூவரும் வாரந்தோறும் பணஞ் செலுத்த, வேலை இழந்த காலத்துத் தொழிலாளி உதவி பெறுவான். அமெரிக்கச் செய்தித்தாள்கள் பல இதனைப் ‘பிச்சை’ என இகழ்ந்து வந்தன. அம்மையாரின் ஆராய்ச்சி 1931-இற் பெருநூலாய் வெளிவந்தது. அமெரிக்காவிலோ வேலை இழந்தோர் கஞ்சிச் சாலைகளின் முன் வரிசையில் நின்ற காலம் அது. நான்கு ஆண்டு கழிந்து, 1935-இல் அமெரிக்கரும் சமூகக் காப்புச் சட்டம் இயற்றினர்.

அதே 1931-இல் அம்மையார் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராய்ச் சேர்ந்தனர். அகவை ஐம்பது கடந்தபின் ஆசிரியத் தொழிலில் முறையாகப் புகுந்தார் எனின், அத்துணிவை வியவாதிருத்தல் இயலாது. வணிகக் கல்வி அமெரிக்காவில் அப்பொழுது அரை நூற்றாண்டுப் பழமையுடையது. பிலடெல்பியாவின் வார்ட்டன் பள்ளி 1881-இலும், சிகாகோவின் வணிகக் கல்லூரி 1898-இலும், ஹார்வர்டினது 1908-இலும் தோன்றின. அக்கல்விக்கூடங்களிற் கற்பித்தார் பலர் கணக்கும் பொருளியலும் வல்லவர். ஆலை வாயிலில் நின்று ஆள் சேர்த்தவர் அரியர். கூலி என்பதைக் கரும்பலகையிற் கோடாக வரைந்து காட்டும் ஆசிரியர்க்கும், கூலிக் கவரைக் கையில் வாங்கிய பெண்ணின் முகம் வாடுதலைக் கண்ட ஆசிரியர்க்கும் வேற்றுமை உண்டு. எமக்குத் தெரிந்த ஆசிரியத் தொழிலிலும் இவ்வேற்றுமையைக் காண்கின்றோம்.

ஆயின் அனுபவம் மட்டும் ஒருவரை நல்லாசிரியர் ஆக்கிவிடுவதில்லை. தாம் முன்பு செய்ததே சரி என வற்புறுத்திப் பழங்கதை பேசி மாணாக்கரை அயர்விப்போரும் உலகில் உளர். அம்மையார் அங்ஙனம் செய்யவில்லை என்பதற்கு அவர் பின்னாளில் எழுதியனவே சான்று. அவர் வாழ்ந்த சிகாகோ அன்று தொழிற்பூசலின் நடுக்களம். சங்கம் அமைக்கும் உரிமையை 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்க்கு உறுதி செய்தது. 1937 மே 30-ஆம் நாள் அந்நகரத்து ரிபப்ளிக் எஃகாலையின்முன் கூடிய கூட்டத்தின்மீது போலீஸார் சுட்டதிற் பதின்மர் இறந்தனர். அமெரிக்க மேலவையின் லா பாலெட் குழுவினர், கம்பெனிகள் தொழிலாளரிடையே ஒற்றர் வைத்து நடாத்திய செயல்களை ஆண்டுக்கணக்கில் விசாரித்து வெளியிட்டனர். இவற்றின் நடுவேயிருந்துதான் அம்மையார் தொழில் உறவைக் கற்பித்தனர்.

அம்மையாரின் பெயரை இன்றும் அறிஞர் நினைக்கச் செய்வது அவர் எழுதிய ஒரு சிறு மதிப்புரை. அதற்கு முன்கதை வேண்டும். சிகாகோவை அடுத்த ஸிஸரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியாரின் ஹாதார்ன் என்னும் டெலிபோன் கருவி ஆலை இருந்தது. அங்கே 1924 முதல் 1932 வரை புகழ்பெற்ற சோதனைகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தனர். ஒரு தனியறையில் இளம்பெண்கள் சிலரை அமர்த்தி, ஓய்வு நேரத்தை மாற்றி மாற்றி விளைவை அளந்தனர். 1928 முதல் 1930 வரை இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரோடு தனித்தனியே உரையாடி அவர்தம் மனக்குறைகளைப் பதிந்தனர். ஹார்வர்டைச் சேர்ந்த எல்ட்டன் மேயோவும் அவர்தம் துணைவரும் இச்சோதனைகளில் ஈடுபட்டனர். முடிவுகளை ரோத்லிஸ்பர்கர், டிக்ஸன் என்னும் இருவர் 1939-இல் அறுநூறு பக்கங்கட்கு மேற்பட்ட பெருநூலாக வெளியிட்டனர். கூலியினும் உடன்வேலை செய்வோரின் நட்பும், தம்மைப் பிறர் மதிக்கும் உணர்வுமே தொழிலாளரை இயக்குகின்றன என்பது அந்நூலால் உலகிற் பரவிய கருத்து. இன்றும் வணிகக் கல்லூரி மாணாக்கர் ஹாதார்ன் என்னும் பெயரைக் கேளாது பட்டம் பெறுவதில்லை.

அறிஞர் உலகம் போற்றிய அந்நூலை 1940-இல் அமெரிக்கச் சமூகவியற் பத்திரிகையில் மதிப்பிட்ட கில்ஸன் அம்மையார், ஒரு வினாவை எழுப்பினர். இத்துணைப் பெரிய நூலிலே தொழிற்சங்கத்தைப்பற்றி ஒன்றுமே இல்லையே, அஃதேன்? தொழிலாளர் அதனைப்பற்றி மிக அருகியே பேசினர், ஆதலின் ஆராய்தற்கு உரியதாகக் கொள்ளவில்லை என்பது நூலாசிரியரின் விடை. பேசாமையின் காரணம் யாது என அம்மையார் விடாது வினவினர். மேலவைக் குழுவின் கணக்கை எடுத்துக் காட்டினர். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி 1933 முதல் 1936 வரை ஒற்றாடலுக்கென்றே இருபத்தையாயிரம் டாலருக்கு மேற் செலவிட்டிருந்தது.

நேர்காணல் நடந்தது 1930-க்குள். ஒற்றர்க்குப் பணங் கொடுத்த கணக்கோ 1933-க்குப் பின். ஆதலின் ஒன்றுக்கு மற்றொன்று நேர்ச்சான்று ஆகாது என ஒருவர் தடைகூறல் கூடும். தடை பொருந்தியதே. ஆயினும் 1939-இல் நூலை வெளியிடுங்கால் அச்செய்தி வெளிப்பட்டிருந்தது. தொழிலாளர் மனத்தை அறுநூறு பக்கம் ஆராய்ந்தவர் அவர்தம் அச்சத்தை ஒரு பக்கமேனும் ஆராய்தல் கடன் அன்றோ? இதனைக் கேட்டவர் மற்றொரு பேராசிரியர் அல்லர். வீடுதோறும் சென்று வினவிய பழைய ஊழியநலத் தலைவி. முதலாளியின் ஆள் ஏடும் எழுதுகோலும் கொண்டு எதிரே அமரும்பொழுது ஏழை எதைச் சொல்வான், எதை விழுங்குவான் என்பதை அவர் பன்னிரண்டாண்டு கண்டறிந்தவர். ஆராய்ச்சியாளர்க்குத் தோன்றாத ஐயம் அவர்க்குத் தோன்றியதன் காரணம் அதுவே.

அதே 1940-இல் அம்மையார் தம் தொழில் வாழ்வைப்பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டனர். ‘வாட்ஸ் பாஸ்ட் இஸ் புரோலாக்’ என்பது அதன் பெயர். கழிந்தது முன்னுரையே எனப் பொருள்படும் அத்தொடர் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்டு’ நாடகத்தினின்று எடுக்கப்பட்டது. தம்மை உயர்த்திக் கூறும் தற்புகழ் நூலாக அதனை அவர் ஆக்கியிருத்தல் எளிது. கிளீவ்லாந்து ஆலையில் அவர் செய்தன அதற்குப் போதியவை. ஆயின் தொழிலாளர் தமக்கெனத் தாமே அமைக்கும் சங்கத்தின் இன்றியமையாமையை அக்காலத்தில் தாம் உணர்ந்திலர் என்பதை அவர் அந்நூலில் ஒளியாது எழுதினர். ஆலையில் தாம் நாட்டியவற்றுள் நல்லவற்றையும் விட்டுக்கொடுத்தாரல்லர். ஆளைத் தெரிதலும் பயிற்றுதலும் உயர்த்துதலும் சங்கம் இருந்தாலும் இல்லாவிடினும் வேண்டுவனவே என்பது அவர் முடிபு. தமது முன்னைக் கருத்தை முழுதும் துறந்து எதிர்க்கரை சேர்ந்தார் என அவரைச் சிலர் எண்ணுதல் பொருந்தாது. உயர்கல்வியிலும் உயர்பதவியிலும் மகளிர்க்கு நேரும் தடைகளையும் அவர் அந்நூலில் விரித்துரைக்கின்றனர். மேலாண்மை உலகில் அவரை ஒத்த பெண்டிர் மிகச் சிலரே. லில்லியன் கில்பிரெத் அம்மையார் 1935-இற் பர்டியூப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ஆனமை அக்காலத்தில் ஒரு செய்தியாகப் பேசப்பட்டது.

அம்மையார் 1941-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தினின்று ஓய்வு பெற்றனர். அவர் தொழில் புரிந்த கிளீவ்லாந்துக் கம்பெனி நெடுங்காலம் நிலைத்து, 1989-இல் ஜெர்மானிய உடைக் கம்பெனியாகிய ஹ்யூகோ பாஸின் கைக்கு மாறிற்று. ஹாதார்ன் ஆலையும் 1983-இல் மூடப்பட்டது.

ஹாதார்ன் சோதனைகளை உலகறியச் செய்த ஹார்வர்டு வணிகக் கல்லூரி அந்நாளிற் பெண்டிரை மாணாக்கராகச் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்க்கெனப் பக்கத்து ராட்கிளிப் மகளிர் கல்லூரியில் 1937-இல் ஊழியர் மேலாண்மைப் பயிற்சி ஒன்று தனியே ஏற்படுத்தப்பட்டது. ஹார்வர்டின் ஈராண்டு வணிகப் பட்ட வகுப்பில் ஆடவரோடு ஒப்பப் பெண்டிர் எண்மர் முதன்முறையாக நேரே சேர்க்கப்பட்டது 1963-இல். அப்பொழுது கில்ஸன் அம்மையார் எண்பத்தைந்து வயது கடந்து வாழ்ந்துகொண்டிருந்தனர். 1969-இல் அவர் மறைந்தனர்.